விஜயம் டீச்சரின் வலது தோள்

விஜயம் டீச்சரின் எழுத்து கரும்பலகையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. 1978 ஜூனில் பள்ளி திறந்தபோது பலகையின் மேல் விளிம்பை ஒட்டித் தேதி எழுதியவள், ஜூலை பாதியில் நடுப்பலகையில் எழுதினாள். ஆகஸ்டில் தேற்றங்களெல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. கடைசி பெஞ்சுப் பெண்கள் எழுந்து நின்று எக்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கணக்கு டீச்சரிடம் கணக்கைத் தவிர வேறெதையும் கேட்கும் வழக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

வலி பங்குனியிலேயே வந்திருந்தது. அவள் எங்கும் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கொடியில் புடவை உலர்த்தக் கையைத் தூக்கியபோது வலது தோளில் சுருக்கென்றது, அவ்வளவுதான். தைலம் தேய்த்தாள். தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் கை இறுகிப்போயிற்று. மேல் அலமாரியில் இருந்த புளிப்பானை எட்டவில்லை. முதுகுப் பக்கம் கை போகவில்லை. புடவைத் தலைப்பை இடது கையால் அள்ளித்தான் தோளில் போட வேண்டியிருந்தது.

தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டின் பின்கட்டில், இரண்டு அறைகள் அவளுடையவை. அப்பா ஹாலாஸ்யம் பக்கவாதத்தில் படுத்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பதினொரு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். வரன் பார்க்கும் பேச்சு அந்த வருஷங்களில் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தம்பி சொக்கநாதன் பிலாய் உருக்காலையில் இருந்தான். மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவான். அது எப்போதும் ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று முடியும். தோளைப் பற்றி அவனுக்கு எழுத உட்கார்ந்தாள். பிலாயிலிருந்து அவன் என்ன செய்வான் என்று தோன்றியது. மழை பெய்ததை எழுதி ஒட்டிவிட்டாள்.

தலைமுடிதான் பெரும்பாடாக இருந்தது. ஒற்றைக் கையால் பின்ன முடியவில்லை. முன்கட்டில் குடியிருந்த வாலாம்பாளிடம் சீப்பை எடுத்துக்கொண்டு போனாள். வாலாம்பாளுக்கும் கிட்டத்தட்ட அவள் வயதுதான். பேரன் பேத்தி எடுத்தவள். முதல் நாள் “அதுக்கென்ன, வாடி” என்று உட்காரவைத்து அழகாகப் பின்னிவிட்டாள். இரண்டாம் நாள் பேசாமல் பின்னினாள். மூன்றாம் நாள் பாதிப் பின்னலில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

“கார்த்தால நேக்குக் கை ஒழியறதே இல்லை விஜயம்” என்றாள் வாலாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

நான்காம் நாள் விஜயம் போகவில்லை. கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து, இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தலைப் பிடரியோடு வெட்டினாள். இடது கைக்குக் கத்தரி படியவில்லை. கால்மணி நேரம் ஆயிற்று. வெட்டி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மணி ஒன்பதேகால் ஆகியிருந்தது.

ஆசிரியைகள் அறையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. தையல் டீச்சர்தான் கேட்டாள், “பழனிக்கு வேண்டுதலா டீச்சர்?”

“ஆமாம்” என்றாள் விஜயம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று பிற்பகல் வகுப்பைப் பார்வையிட வந்த தலைமையாசிரியை, பலகையின் அடியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவளைச் சற்று நேரம் பார்த்தார். வெளியே கூப்பிட்டார். “உங்களால கையைத் தூக்க முடியலை, இல்லையா? இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலையா?” என்றார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கடைசிப் பீரியடை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

வைகையின் வடகரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அவள் கையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். “தோள் மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்வு இறுகிப்போச்சு. மாத்திரையால இளகாது. பிசியோதெரபிக்கு எழுதித் தரேன்” என்றார். அந்தச் சொல்லை விஜயம் அன்றுதான் முதல்முறை கேட்டாள். வராந்தாவில் விசாரித்தபோது, “கரண்ட் வைக்கிற ரூம்தானே? நேராப் போயி இடதுபக்கம்” என்றார் வாட்ச்மேன்.

அது நீளமான அறை. ஒரு மூலையில் சூடு வைக்கும் மின்கருவி. இரண்டு இணைக்கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நடை பழகிக்கொண்டிருந்தார். பொறுப்பில் இருந்தவள் சோணையம்மாள். முப்பது வயதிருக்கும். பேரையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவனுக்குக் கப்பலூரில் லேத்துப் பட்டறை வேலை. வெள்ளைக் கோட்டை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.

“உக்காருங்க டீச்சர். எம்புட்டுத் தூக்க முடியுதோ அம்புட்டுத் தூக்குங்க, பாப்போம்.”

கை தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. சோணையம்மாள் பெரிய பாகைமானி மாதிரி இருந்த ஒரு கருவியைத் தோளில் வைத்து அளந்தாள். “அறுபது” என்று சொல்லி அட்டையில் எழுதினாள். பாகைமானியைப் பார்த்ததும் விஜயத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சூடு வைத்து முடித்ததும், சோணையம்மாள் ஒரு கையால் அவள் தோள்பட்டையை அமுக்கிக்கொண்டு, மறு கையால் முழங்கையைத் தாங்கி மெல்ல உயர்த்தினாள். காய்ப்பேறிய, வெதுவெதுப்பான உள்ளங்கைகள். விஜயத்தின் கண்களிலிருந்து நீர் கொட்டியது.

“வலிக்குதா? விட்ரட்டுமா?”

“வலிக்கறது. விட வேண்டாம்” என்றாள் விஜயம்.

வலித்ததும் உண்மைதான். ஆனால் அழுகை அதற்காக இல்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று சொக்கநாதனின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு, இந்த இரண்டு வருஷத்தில், வாலாம்பாள் பின்னிவிட்ட மூன்று காலைகளையும், டாக்டர் கையை அசைத்துப் பார்த்த ஒரு நிமிஷத்தையும் தவிர, ஒரு மனிதக் கை அவள் மேல் பட்டதில்லை. பாலத்தின் மேல் நடந்து திரும்பும்போதுதான் அவள் இதைக் கணக்குப் பார்த்தாள். கணக்கு சரியாகவே இருந்தது.

வீட்டில் செய்யவும் சோணையம்மாள் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். நீர் நிறைத்த செம்பைக் கையில் பிடித்து, குனிந்து, கிணற்று வாளி ஆடுவதுபோலக் கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்வதுபோல மேலே மேலே ஏற வேண்டும். துண்டின் ஒரு முனையை முதுகுக்குப் பின்னால் வலது கையில் பிடித்து, இடது கையால் மேலே இழுக்க வேண்டும். விஜயம் ஒன்றையும் விடவில்லை. அறைச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினாள்.

வாரத்தின் மற்ற நாட்கள் அந்த மூன்று நாட்களுக்காகக் காத்திருந்தன. சோணையம்மாள் கையைத் தூக்கிக்கொண்டே பேசுவாள். மாமியார் கண் ஆப்பரேஷனுக்குப் பயப்படுவதைச் சொல்வாள். படிக்கப் போகக் கூடாதென்று அண்ணன் தடுத்தபோது தான் இரண்டு நாள் பட்டினி கிடந்ததைச் சொல்வாள். விஜயம் ‘ம்’ கொட்டுவாள். அரைமணி நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியாது. கார்த்திகையில் கை நூறைத் தாண்டியது. தை பிறந்தபோது நூற்றைம்பது.

“இன்னும் ரெண்டு வாரந்தான் டீச்சர்” என்றாள் சோணையம்மாள், அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. “அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வரவேணாம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை விஜயத்தின் கை நூற்று இருபதில் நின்றது.

அவள் அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை உயர்ந்துகொண்டிருக்கும்போதே தோள் தானாக இறுகிக்கொண்டது. வாய் “ஐயோ” என்றது. திங்கட்கிழமை அப்படிச் சொல்ல முடியாது. அன்று தெரிந்தே செய்தாள். வீட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் தலைக்கு மேலே ஒரு முழம் ஏறியிருந்தன. ஆஸ்பத்திரியில் கை நெற்றியைத் தாண்டவில்லை. ஒரு மாதம் இப்படியே ஓடியது. சோணையம்மாளின் பேச்சு குறைந்துவிட்டது. சூடு வைக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள், பயிற்சியை மாற்றிப் பார்த்தாள். “நான் எங்கயோ தப்புப் பண்றேன் போல” என்று ஒரு நாள் தனக்குள் முணுமுணுத்தாள். விஜயம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

மாசியில் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். அட்டையைப் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“நூத்தம்பது வந்த கை எப்படி நூத்திருபதுக்குப் போகும்? என்னம்மா வேலை பார்த்திருக்கே? முரட்டுத்தனமாத் தூக்கி உள்ள எதையாவது கிழிச்சிட்டியா?”

சோணையம்மாள் தலை குனிந்தாள். “இல்ல சார். பாத்துத்தான் செஞ்சேன்.”

“மயக்க மருந்து குடுத்துக் கையைத் தூக்கி இறுக்கத்தை எடுத்துவிட வேண்டியதுதான்” என்று டாக்டர் விஜயத்தின் பக்கம் திரும்பினார். “அடுத்த செவ்வாய் வந்து சேந்துடுங்க. வீட்லேருந்து யாரு வருவாங்க? கையெழுத்துப் போடணும், கூட இருக்கணும்.”

விஜயம் வாயைத் திறந்தாள். எந்தப் பெயரும் வரவில்லை. பக்கத்தில் நின்ற சோணையம்மாளின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தாள். வலது கையை உயர்த்தினாள். நெற்றி, உச்சந்தலை, அதற்கும் மேலே; முழங்கை காதைத் தொட நேராக நிறுத்தினாள்.

“இவ மேல தப்பில்லை டாக்டர். கை தை மாசமே சரியாயிடுத்து” என்றாள்.

டாக்டர் அவளையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ‘சிகிச்சை முடிந்தது’ என்று எழுதி அட்டையை நீட்டினார்.

வராந்தாவுக்கு வந்ததும் சோணையம்மாள் வெடித்தாள். “ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல டீச்சர். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோன்னு வீட்டுக்காரருகிட்டச் சொல்லி அழுதேன். ஏன் இப்படிப் பண்ணுனீங்க?”

“ஆத்துல யாரும் இல்லை” என்றாள் விஜயம். அது பதிலாகுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். “ஆளுக நிக்கிறாக. நான் வாரேன்” என்று சோணையம்மாள் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை விஜயம் அந்த அறை வாசல் வரை போனாள். ஜன்னல் வழியே பார்த்தாள். சோணையம்மாள் ஒரு சித்தாள் பெண்ணின் முழங்காலை மடக்கிக்கொண்டு, மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். விஜயம் திரும்பி வந்துவிட்டாள். மறுபடி துணிந்து போனபோது கோடை விடுமுறை ஆகியிருந்தது. சோணையம்மாளுக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றார்கள்.

வலது தோள் அதற்குப் பிறகு தொந்தரவு தரவில்லை. 1983-இல் இடது தோள் பிடித்துக்கொண்டது. அதே சுருக், அதே இறுக்கம். இந்த முறை விஜயம் யாரிடமும் போகவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். செம்பில் நீர் நிறைத்துக்கொண்டாள், சுவர் முன் போய் நின்றாள். “இன்னும் கொஞ்சம் டீச்சர், விட்றாதீங்க” என்று தானே மெல்லச் சொல்லிக்கொண்டாள். சொன்னது சோணையம்மாளின் பேச்சில் இருந்தது அவளுக்கே விநோதமாகப் பட்டது. வலது கை இடது கையை முழங்கையில் தாங்கித் தூக்கியது. தன் கை தன் மேல் படுவதில் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் தோள் இளகியது. எட்டு மாதம் ஆயிற்று.

1985 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பெரியார் பஸ் நிலையத்தில், சமயநல்லூரில் ஒரு டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக அவள் நின்றுகொண்டிருந்தாள். “டீச்சர்!” என்று யாரோ கூப்பிட்டார்கள். சோணையம்மாள் கொஞ்சம் பருத்திருந்தாள். கையில் பெரிய பை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறாளாம். நலம் விசாரிப்பதற்கு முன் பையைக் கீழே வைத்துவிட்டு விஜயத்தின் வலது தோளைத்தான் பிடித்தாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அழுத்திப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.

“சோணையம்மா, அன்னிக்கு நான் பண்ணினது…”

“ரொம்ப நாளு கோவமாத்தான் இருந்துச்சு டீச்சர்” என்று சோணையம்மாள் இடைமறித்தாள். “அப்புறம் திருநெல்வேலில ஒரு கெழவரு. காலு நல்லா ஆயிருச்சு, ஆனா நடக்க மாட்டேங்குறாரு. எல்லாரும் திட்டுறாக. நான் மட்டும், வீட்ல யாரு இருக்கான்னு கேட்டேன். ஒருத்தரும் இல்ல. இப்பெல்லாம் யாரு வந்தாலும் அதைத்தான் மொதல்ல கேக்குறேன்.”

பேரையூர் பஸ் உறுமிக்கொண்டு வந்தது. “இதை விட்டா அடுத்தது ஒண்ணரை மணி நேரம்” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கூட்டம் அவளை ஏற்றிக்கொண்டது. ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை போலும், முகம் தெரியவில்லை.

பஸ் திரும்பி மறைந்த பிறகுதான், அவள் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்கவில்லையே என்று விஜயத்துக்கு நினைவு வந்தது. சோணையம்மாளும் இவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. சமயநல்லூர் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. வலது கையை உயர்த்தி மேல்கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.