நான் செத்தபோது எல்லோரும் சிரித்தார்கள்

தாம்பரத்தில் ஒரு தியேட்டரில், நிறைந்த காட்சியில், நான் செத்தேன். முன்வரிசையில் ஒருத்தன் விசில் அடித்தான். இன்னொருத்தன் 'ஒன்ஸ் மோர்' என்று கத்தினான். சாவுக்கு ஒன்ஸ் மோர் கேட்டு நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் என் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும். கண்ணை மூடினால் போதுமா, காது திறந்துதானே இருக்கிறது? "எதுக்குங்க எல்லாரும் சிரிக்கறாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

நான் சினிமாக்காரன் இல்லை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனால் எங்கள் கோயில் பக்கம் வந்து விசாரித்தால் ஸ்டோர்ஸ்காரர் என்று யாருக்கும் தெரியாது. 'நல்ல கள்ளன்' என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயில் மைதானத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம், பாஸ்கா என்று பெயர். அவரோடு சிலுவையில் தொங்கிய இரண்டு கள்ளர்களில் ஒருவன் கடைசி நேரத்தில் மனம் திரும்பினானே, அவன் நான்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான்தான். எனக்கு வயிறு விழுந்தது, தலை நரைத்தது, என்னைக் கட்டுகிற கயிறு வருடா வருடம் நீளமானது. ஆளை மட்டும் யாரும் மாற்றவில்லை.

வசனம் எனக்கு ரொம்பக் குறைவு. சாவுதான் அதிகம். கண்ணை வானத்தில் நிறுத்துவேன். மூச்சைத் தவணை தவணையாக விடுவேன். உதடு நடுங்கும், தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரளும், கடைசியில் வலது கால் ஒரு உதறு உதறி அடங்கும். அந்த நேரத்தில் மைதானத்தில் கைக்குழந்தைகூட அழாது. வருடம் முழுக்கப் போல்ட்டு எடுத்துக் கொடுப்பவனுக்கு அந்த ஒரு நிமிட அமைதி எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது.

போன வருடம் பாஸ்கா முடிந்ததும் தாடி வைத்த தம்பி ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுக்கப்போகிறாராம். முகமூடி போட்ட ஒருத்தன் அப்பார்ட்மெண்டில் புகுந்து ஒவ்வொருத்தராக வெட்டுகிறான், அதில் அசோசியேஷன் செக்ரெட்டரி வேஷம் எனக்கு.

"சிலுவைல எப்படி செத்தீங்களோ அப்படியே சாகணும் சார். ஒரு துளி குறைக்கக் கூடாது" என்றார்.

"காமெடிப் படம்னு யாரோ சொன்னாங்களே தம்பி?"

"அங்கங்க லைட்டா வரும் சார். உங்க சீன் ஃபுல் சீரியஸ்."

நம்பினேன். மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மெண்டில் ஷூட்டிங். தண்ணீர் லாரி வந்து நிற்கிறது, சம்ப் மூடியை யாரோ திறந்து போட்டிருக்கிறார்கள். செக்ரெட்டரி கோபமாக இறங்கி வந்து முகமூடிக்காரனைப் பிடித்துச் சட்டம் பேசுகிறார். அவன் மரம் அறுக்கிற மெஷினை ஓடவிட்டு அவர் கையைத் தோளோடு எடுத்துவிடுகிறான். சட்டைக்குள் ஒளித்திருந்த குழாயிலிருந்து சர்க்கரைப் பாகு ரத்தம் லாரித் தண்ணீர் மாதிரி பீய்ச்சியடித்தது. வெட்டின கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு, வானத்தைப் பார்த்து, உயிரைக் கொடுத்துச் செத்தேன். ஷூட்டிங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தும் எறும்பு என்னை விடவில்லை. நல்ல நடிப்புக்கு நடுவில் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று இருந்துவிட்டேன்.

படம் இந்த வருடம் தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்தைய நோன்பு நாட்களில், வந்து தொலைத்தது. பாஸ்காவுக்கு ஒத்திகை ஆரம்பிக்கிற நேரம்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கை இருக்கும், கண் போனில் இருக்கும். ஊர் உலகமே அந்தப் படத்தைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தது. 'ரத்தம் ஓவர், கதை ஜீரோ' என்று ஒருத்தர். 'வயிறு வலிக்கச் சிரித்தேன், ஃப்ரெண்ட்ஸோடு போங்க' என்று அடுத்தவர். 'ஃபேமிலியோடு போய்விடாதீர்கள், மானம் போய்விடும்' என்று ஒரு புண்ணியவான், அவர் போன பிறகு எழுதியிருக்கிறார். பயமே இல்லை என்று சிலர், பயந்து பாதியில் வெளியே வந்தேன் என்று சிலர். ஒரு விஷயத்தில் மட்டும் இத்தனை பேருக்கும் ஒரே எண்ணம். படத்தைக் கரித்துக் கொட்டினவர்களும் கடைசியில், 'ஆனால் அந்த செக்ரெட்டரி மாமா சாகிற சீனுக்காக ஒரு தடவை பார்க்கலாம்' என்று முடித்திருந்தார்கள். பாராட்டாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனியில் எங்கள் வெல்டர் என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சிரித்தான்.

"இன்னா சார், உன்ன துண்டா போட்டுட்டான்! வூட்ல புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க."

"படம் எப்படிப்பா இருக்கு?"

"படம் பேஜாரு சார். ஒரே ரத்தம். ஆனா நீ சாவ சொல்லோ செம காமெடி. நீ பூட்ட, படமும் பூட்சு."

"அது காமெடி இல்லப்பா. சீரியஸா பண்ணது."

"அதான் சார் காமெடி" என்று சொல்லிவிட்டு மாஸ்க்கை இறக்கிக்கொண்டான். அன்று சாயந்திரம் வரை ஒருத்தருக்கும் சரியான சைஸ் போல்ட்டு கொடுத்த ஞாபகம் எனக்கு இல்லை.

தாம்பரத்துக்காரர்கள் அப்படித்தான், கொஞ்சம் நக்கல் பிடித்தவர்கள் என்று குரோம்பேட்டைக்கு வண்டியை விட்டேன். அங்கேயும் சிரித்தார்கள். பல்லாவரத்துக்குப் போனேன். அங்கே இன்னும் மோசம், வசனத்தை எனக்கு முன்னால் அவர்களே சொன்னார்கள். திரையைப் பார்க்காமல் இருட்டில் முகங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒருத்தர் 'ஐயோ பாவம்' என்று சொல்ல மாட்டாரா? குரோம்பேட்டையில் ஒரு அம்மா நான் வெட்டுப்பட்ட நிமிடத்தில் 'ஐயோ!' என்று அலறினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அப்புறம் பார்த்தால் மடியிலிருந்த பாப்கார்ன் கொட்டிவிட்டதாம்.

அந்த வாரம் எங்கள் தெருவின் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லுவோம். ஜெபமாலை முடிந்து சுண்டல் வந்ததும் பேச்சு நேராக என்னிடம் வந்து நின்றது.

எதிர்வீட்டு அக்கா முதலில் ஆரம்பித்தார். "தவக்காலம் முடியற வரைக்கும் சினிமா பாக்கறதில்லன்னு நேர்ந்துக்கிட்டேன். நம்ம ஆளு நடிச்ச படமாச்சேன்னு போனேன். கருமம், கொடலு, கையி, காலுன்னு ஒரே கசாப்புக் கடை. ஆனா தம்பி, உங்க சீன்ல சிரிச்சு எனக்குப் புரை ஏறிடுச்சு. இத ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா வேணாமா, அதான் புரியல."

அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் விடவில்லை. "அம்மா, ரத்தம் அவ்ளோ இருந்தாத்தான் சிரிப்பு வரும். பயந்துகிட்டே சிரிக்கணும், இந்த மாதிரி படமே அப்படித்தான். அங்கிள்தான் ஹைலைட். எல்லாரும் காமெடின்னு தெரிஞ்சு நடிக்கறாங்க, அங்கிள் மட்டும் தெரியாம நடிக்கறாரு."

குழந்தை மாதிரி உண்மையைச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், பாஸ்காவை எழுதி நடத்துகிறவர் அவர்தான். சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"நீங்க சிரிக்கறீங்க. எனக்கு பயமா இருக்கு. பெரிய வெள்ளிக்கிழமை இவரு சிலுவைல அதே மாதிரி கால உதறுவாரு. ஜனம் சிரிச்சுதுன்னா, பக்கத்துல தொங்கற இயேசுவ யாரு பாப்பாங்க? இந்த வருஷம் வேற ஆளப் போட்டுடலாம்னு நெனைக்கிறேன்."

சட்டென்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடனே எல்லோரும் சுண்டலைப் பார்த்தார்கள். அந்தச் சிலுவையிலிருந்து இறக்கிவிட்டால் நான் யார்? வெறும் ஸ்டோர்ஸ்காரன். "ஃபாதர் முடிவு பண்ணட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

பங்குத்தந்தை எதையும் பார்க்காமல் முடிவு செய்கிறவர் இல்லை. வேட்டி சட்டையில் மத்தியானக் காட்சிக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, என்னையும் வாத்தியாரையும் அழைத்தார்.

"படம் சுத்தக் குப்பை" என்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார். "ஆனா உங்க சீன்ல நான் சிரிச்சேன். எனக்குப் பக்கத்துல ஒருத்தர் ஆரம்பத்துலேர்ந்து தூங்கிட்டிருந்தாரு, அவரும் எழுந்து சிரிச்சாரு. வாத்தியார் பயப்படறது நியாயம்தான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபாதர் சொன்னார்.

"நீங்களே தொங்குங்க. ஆனா எதுவுமே பண்ணாதீங்க. வானத்தப் பாக்கறது, மூச்ச இழுக்கறது, காலு, ஒண்ணும் கூடாது. வசனத்தச் சொல்லிட்டுத் தலையத் தொங்கப் போட்டுடுங்க. ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுதுன்னா அடுத்த வருஷம் வேற ஆளு. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? எதுவும் செய்யாமல் சாவது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஒத்திகையில் கால் தானாக எழும்பும், வாத்தியார் கீழேயிருந்து "காலு! காலு!" என்று அதட்டுவார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் சும்மா செத்துப் பழகினேன். மனைவி கதவைத் தட்டி, "காப்பி ஆறுது, செத்தது போதும், வாங்க" என்பாள்.

பெரிய வெள்ளிக்கிழமை மைதானத்தில் என்றைக்கும் இல்லாத கூட்டம். கோயில் பக்கமே வராத பையன்கள் சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என்னைச் சிலுவையில் தூக்கியதும் போன்கள் வரிசையாக உயர்ந்தன. எதற்கென்று எனக்குத் தெரியாதா? வலது காலுக்கு மட்டும் இன்னொரு சுற்றுக் கயிறு போடச் சொல்லியிருந்தேன். உடம்பெல்லாம் வேர்த்தது, துடைக்கக் கை இல்லை. மற்றக் கள்ளன் இயேசுவைப் பழித்துப் பேசினான். நான் அவனை அடக்கினேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, உங்கள் ராஜ்யத்துக்குப் போனதும் என்னையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் என்கிற என் வசனத்தைச் சும்மா, கடையில் கேட்கிற மாதிரி சொன்னேன். தலையைத் தொங்கப் போட்டேன்.

ஒரு சத்தம் இல்லை. சுவர் மேல் இருந்த பையன்கள்கூட வாயைத் திறக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ் ஹாரன்தான் கேட்டது. ஜெயித்துவிட்டேன். சிலுவை இனி என்னுடையது. அப்படித்தானே சந்தோஷப்பட வேண்டும்? நான் தலையைத் தொங்கப் போட்டபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். இப்போது ஒருத்தன் ஆரம்பிப்பான், இதோ, இதோ என்று. ஒருத்தன்கூட ஆரம்பிக்கவில்லை. அட பாவிகளா, ஒருத்தனுக்குக்கூடவா சிரிப்பு வரவில்லை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் 'ஐயோ பாவம்' தேடியா போனேன்? யாரை ஏமாற்றப் பார்க்கிறேன்? அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் டிக்கெட் எடுத்து டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறேன். சிலுவையில், அவருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு, எனக்கு அது தெரிந்தது. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் முடியாமல் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

கீழே இறக்கியதும் வாத்தியார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்யா நீ நடிச்ச! அந்தக் கண்ணீர் ஒண்ணு போதும்!" என்றார். எதிர்வீட்டு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தம்பி, நெஞ்சே வெடிச்சுடுச்சு" என்றார். ஃபாதர் தோளில் தட்டி, "அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி என் தோளைத் தொட்டாள். பிறகு கேட்டாள், "நெஜமாவே அழுதீங்க இல்ல? எதுக்கு?"

அவளிடம் நடித்து என்ன ஆகப்போகிறது?

"ஒருத்தர்கூட சிரிக்கலடீ" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அப்புறம் என் முதுகில் அவள் நெற்றி குலுங்குவது தெரிந்தது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிக்கிறாள். பெரிய வெள்ளிக்கிழமை, கோயிலிலிருந்து வருகிற வழி, நடு ரோட்டில், "ஐயோ ஆண்டவரே, ஐயோ ஆண்டவரே" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அடக்க முடியாமல் சிரிக்கிறாள். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். வீடு சீக்கிரம் வந்துவிடுமே என்று நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.