அக்கா அனாட்டமியில் பெயிலான கோடை

அக்கா தஞ்சாவூரில் டாக்டருக்குப் படித்தாள். நான் திருச்சியில் ஜியாலஜி. விசாரிப்பவர்களிடம் அப்பா என் படிப்பை ஜாகரபி என்று சொல்லிவந்தார். கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தேன். பிறகு நானும் ஜாகரபி என்றே சொல்ல ஆரம்பித்தேன்.

அக்கா லீவுக்குப் பெரம்பலூர் வந்து புத்தகத்தைத் திறந்தால் வீட்டில் டி.வி.யை அணைத்துவிடுவார்கள். அவளுடைய எலும்புப் பெட்டிக்குப் பீரோவில் தனித் தட்டு. நிஜ மனுஷ எலும்பு என்பதால் அம்மா அதற்கு விபூதி பூசிவிட்டுத்தான் பீரோவைச் சாத்துவாள். நான் கொண்டுவந்த கல்லாகிப்போன சிப்பிகள் கொல்லையில் கிடந்தன. அவை கோடிக்கணக்கான வருஷம் பழசு என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப வெயிலும் மழையும் அதுக்குப் பழகியிருக்கும்" என்றாள்.

எது கஷ்டமான படிப்பு என்று எனக்கும் அக்காவுக்கும் ஓயாத சண்டை. எலும்பில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் பேர் உண்டு என்பாள் அவள். உனக்கு ஒரு உடம்பு, எனக்குப் பூமி முழுக்க என்பேன் நான்.

முதல் வருஷப் பரீட்சையில் அவள் அனாட்டமியில் பெயிலானாள். ரிசல்ட் தாமதம் என்று அம்மா தெருவுக்குச் சொல்லிவைத்தாள். அதனால் தினம் யாராவது வந்து ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். போகும்போது தங்கள் மாத்திரை அட்டையையும் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருநாள் காலையில், பாறை அடுக்குகளைக் குறித்துவர நான் அரியலூருக்குக் கிளம்பியபோது, அக்கா என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு காய்ந்த ஓடை. அக்கினி நட்சத்திர வெயில். உச்சிவேளையில் என் கையிலிருந்த ஒரு சுத்தியல் இரண்டாகத் தெரிந்தது. உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னக்கா?"

"துடிக்குது."

"அப்புறம்?"

"தெரியலடா. வைத்தியம்லாம் இன்னும் ஆரம்பிக்கல. அந்த ரத்தக்குழாய் பேரு வேணா சொல்றேன்."

சொன்னாள். குணமாகவில்லை. இருந்த தண்ணீரையெல்லாம் என் தலையில் ஊற்றிவிட்டு, ரோட்டுக்கு ஓடி நடுவில் நின்றுகொண்டாள். சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போன லாரி ஒன்று நின்றது.

டிரைவர் எங்களை ஏற்றிக்கொண்டார். அக்கா டாக்டருக்குப் படிக்கிறாள் என்று மயக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் கைலியை உயர்த்தி முழங்காலைக் காட்டினார். மடக்கினால் வலிக்கிறதாம்.

"அண்ணே, நான் பெயிலாயிட்டேன்" என்றாள் அக்கா. வெளியாள் ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"முழங்கால்லயா?"

"அதுலயும் ஒரு கேள்வி வந்துச்சு. தப்பா எழுதிட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பரவால்லம்மா. இது சின்ன வலிதான்."

அக்கா சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். என் பாடத்தில் இதற்கு எதுவும் இல்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு உப்பு போட்ட எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தாள். "நீ பெயிலானா கல்லுக்குக்கூடத் தெரியாது. நான் பெயிலானா தெருவுக்கே பிரஷர் ஏறுது. பாடத்தைக்கூடப் படிச்சிடலாம்டா. வூட்டுக்கு வர்றதுதான் முடியல" என்றாள். மறுத்துப் பேச எனக்கு ஆசைதான். ஆனால் வாந்தி எடுத்த சட்டையோடு இருந்தேன்.

மறுநாள் மாத்திரை அட்டையோடு வந்த பக்கத்து வீட்டு அத்தையிடம் அவளே சொல்லிவிட்டாள். அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. அத்தை அட்டையை மடித்து வைத்துக்கொண்டு, சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டார். அதற்குப்பின் கேட்க யாரும் வரவில்லை. அக்கா நிம்மதியாகப் படித்தாள்.

மறுதேர்வில் பாஸானாள். அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். அதே வாரம் என் ரிசல்ட்டும் வந்தது. நானும் பாஸ். லட்டு கொஞ்சம் மீந்திருந்தது. அதை எதிர்வீட்டுக்கு என் பேரைச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள்.