வாலை விட்டுவிட்டு அளந்த சுறா

துணிக்கடைப் பொம்மை செய்கிறவர்கள் மத்தியில் அவருக்கு ‘மடக்குக்கை’ என்று பெயர். மற்றவர்கள் செய்த பொம்மைகள் கையை விரித்துக்கொண்டு வழியை மறிக்கும். இவர் செய்தவை முழங்கையை மடக்கி இடுப்பில் வைத்து, இருக்கிற இடத்தில் அடக்கமாக நிற்கும். சின்னக் கடை வைத்திருந்தவர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். பிறகு கடைகளில் பொம்மைக்குப் பதிலாகப் பெரிய திரையில் படம் ஓட ஆரம்பித்தது. பட்டறையில் ஈ ஓட்டும் காலம் வந்தது.

மனைவியின் அண்ணனுக்கு டைல்ஸ் கடை. “பொம்மையோட மல்லுக்கட்டினது போதும் மாப்பிள்ளை. நம்ம கடையில வந்து நில்லுங்க. நீங்க செய்யற பொம்மைய விட நல்லாவே நிப்பீங்க” என்பார், வருகிறபோதெல்லாம். சொல்லிவிட்டு முதலில் சிரிப்பதும் அவரே. மனிதர் மனசில் கள்ளம் கிடையாது. எரிச்சலுக்குக் காரணமே அதுதான்.

அந்தச் சமயத்தில் புதிதாகக் கட்டிய மீன் காட்சியகத்திலிருந்து வேலை வந்தது. நுழைவுக் கூடத்தில் தொங்கவிட ஒரு சாட்டைவால் சுறா வேண்டும், ஃபைபரில், உயிருள்ளதன் அளவிலேயே. சரியாக அமைந்தால் மற்ற கூடங்களுக்கும் அவர்தான். சொதப்பினால் டைல்ஸ் கடை.

சுறாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மேடம் படங்களையும் நீளத்தையும் அனுப்பினார். மடக்குக்கையும் மனைவியும் மாடாய் உழைத்தார்கள். உடம்பு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுக்கு வால், அரிவாள் போல வளைந்து. வாய் மட்டும் சின்னது. பொம்மைகளுக்கு முகம் எழுதிப் பழகிய மனைவி, அந்தப் பெரிய கண்ணை ஒரு வாரம் தீட்டினாள். “சுறான்னா பயமா இருக்கும்னு நெனச்சேன். இது என்னங்க, கல்யாண வீட்டுல யாரையும் தெரியாத ஆள் மாதிரி முழிக்குது?” என்றாள். மேடத்திடம் சொன்னபோது அவர் சிரித்தார். அது கூச்ச சுபாவம்தானாம்; ஆளைக் கண்டால் விலகிப் போகுமாம். பிரசவத்துக்கு இரண்டு குட்டிதானாம் பெரும்பாலும். அதனால்தான் பிடிக்கப் பிடிக்கக் குறைந்துகொண்டே போகிறதாம்.

கூரையில் கொக்கி மாட்டப் போன அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. டேப்பைப் பிடித்துப் பார்த்தால், வால் நுனி டிக்கெட் கவுன்ட்டருக்குள் போய் உட்கார்ந்தது.

மேடம் ஓடி வந்தார். “ஐயோ, நாங்க சுறாவ வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும்தான் அளப்போம் மாஸ்டர். நுனி பல சமயம் அறுந்து போயிருக்கும், அத நம்ப முடியாது. அந்த அளவையே கூடம் கட்டினவங்களுக்கும் குடுத்துட்டேனே!”

“படத்துல உடம்புக்கு மட்டும்தான் கோடு போட்டிருந்துச்சு. நானும் உடம்ப அந்த அளவுக்குச் செஞ்சு, அப்புறம் வால வச்சேன் மேடம்.”

யார்மேல் பழி போடுவது? கட்டட மேலாளருக்கு அந்தக் கவலையே இல்லை. “பாதி வால வெட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

“வால் போனா அது பட்டினிதான் சார்” என்றார் மேடம். “மீன் கூட்டத்தைப் பாத்து வேகமா வரும், டக்குனு தலையைத் தாழ்த்தும், வால் பின்னாலேர்ந்து தலைக்கு மேல சுழன்று வந்து விழும். அடிபட்டு மயங்கின மீனத்தான் அது திங்கும்.”

“தலைக்கு மேலயா?” என்றார் மடக்குக்கை. “அப்போ உடம்பு மடங்குமா?”

“நல்லா மடங்கும்.”

மூச்சு திரும்பி வந்தது அவருக்கு. வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலையே அதுதானே!

ஆனால் மடக்குவதற்கு முதலில் அறுக்க வேண்டும். தவறான இடத்தில் விரிசல் விட்டால் மொத்தமும் குப்பை. மனைவி தன் பழைய துப்பட்டாவைக் கொண்டுவந்து சுறாவின் கண்ணைக் கட்டினாள். “அது பாத்துக்கிட்டிருக்கும்போது வெட்டாதீங்க” என்றாள். அவர் சிரிக்கவில்லை. அறுக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு மிஷினைப் போட்டார். இரண்டு இடத்தில் அறுத்து, புது வளைவு கொடுத்து ஒட்டி, தேய்த்துப் பூசினார்கள். தலை தாழ்ந்து, வால் மேலே எழும்பி வந்த சுறா, கூடத்தில் கச்சிதமாக அடங்கியது.

திறப்பு விழாவுக்கு மச்சானும் வந்தார். உள்ளே நுழைந்தவர் மேலே ஓங்கி நின்ற வாலைப் பார்த்துச் சட்டென்று குனிந்தார்.

“அடிக்குமா மாப்பிள்ளை?”

“நீங்க மத்தி மீனா இருந்தா அடிக்கும் மச்சான்” என்று சிரித்தார் மடக்குக்கை.

மச்சான் சிரித்தார், இந்த முறை இரண்டாவதாக. கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நம்ம கடை வாசலுக்கு இப்படி ஒண்ணு செஞ்சு தருவீங்களா?” என்று கேட்டார். மனைவி கணவரைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவர் டைல்ஸ் கடைக்குப் போனார், டேப்பை எடுத்துக்கொண்டு.