தம்பியின் நாடி

என் பிறப்பைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் பதிந்த அப்பா, தம்பி பிறந்தபோது பதியாமல் விட்டார். காரைக்கால்காரர், அதனால் பிரெஞ்சுக் குடிமகன். எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர். அந்த நாளை வருவதற்குள் போய்ச்சேர்ந்தார். சைகோனில் ஒரே வியட்நாமிய அம்மாவுக்குப் பிறந்தும் நான் பிரெஞ்சுக் குடிமகள், தம்பி உள்ளூர்க் குடிமகன். வயது வந்ததும் அவனைப் பட்டாளத்துக்கு அழைத்து ஓலை வந்தது. மூன்று மாதத்தில் மருத்துவப் பரிசோதனை.

நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். இதயம் தாறுமாறாக ஓடுபவனைப் பட்டாளம் எடுக்காது என்று அங்கே பேச்சு. பயந்தாலும் ஓடினாலும் உடம்பில் அட்ரினலின் சுரந்து நெஞ்சை விரட்டும், லாரிக்காரர்கள் வாங்கும் விழிப்பு மாத்திரை இன்னும் விரட்டும் என்பார் முதலாளி. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியம்கூடத் தெரியாதவள். தினமும் விரட்டினால் இதயம் கெட்டுப்போகும் என்று முடிவுகட்டினேன்.

சாயங்காலம் நான் வந்ததும் அவனுக்கு ஒரு மாத்திரை, கெட்டியான காப்பி. பிறகு மொட்டைமாடியில் கயிறு வைத்துக் குதிப்பான். அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்து நான் நாடி எண்ணுவேன்.

"அக்கா, நெஞ்சு மத்தளமா அடிக்குது. போதுமா?"

"இன்னும் நூறு குதிடா. சண்டையில போயி சாவறதுக்கு இது தேவல."

அவனுக்குத் தூக்கம் போயிற்று, கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை. நான் உள்ளூர மகிழ்ந்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பரிசோதனையன்று காலையில் இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மாத்திரை போட்டு வரும் பையன்களை அந்த மருத்துவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். அவனை இரண்டு நாள் அங்கேயே படுக்கவைத்துவிட்டு, மறுபடி நாடியைப் பிடித்தார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். மொட்டைத் தலையோடு கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"டாக்டரு சிரிச்சாருக்கா. 'ஓட்டக்காரன் நெஞ்சு, நிதானமா அடிக்குது. தினமும் என்ன பயிற்சி பண்ணுறே?'ன்னு கேட்டாரு. முதல் தரம்னு எழுதிட்டாரு. காலாட்படையாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மாத்திரையின் வேகம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. மூன்று மாதம் குதித்த பலம் மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. பட்டாளத்துக்குப் பாதி வழி அவனை அப்பா அனுப்பினார், மீதி வழி நான் அனுப்பினேன்.

கம்பி வழியாக அவன் கையைப் பிடித்தேன். பழக்கத்தில் விரல் நாடிக்குப் போயிற்று.

"எத்தனைக்கா?" என்றான்.

ஐம்பத்தாறு. அவன் திரும்பி வரவில்லை. நான் கடைசியாக எண்ணியது அதுதான்.