கும்மிடிப்பூண்டியில் ஒரு பம்பாய்

என் வீட்டுக்காரருக்குக் கணக்கு நன்றாக வரும். அதுதான் தொல்லை. எண்பதுகளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். திடீரென்று பம்பாயில் டபுள் சம்பளத்துக்கு வேலை வந்தது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் பஞ்சாயத்துப் பள்ளி டீச்சர். பம்பாய் என்றால் ராஜினாமாதான். இந்தியில் ஒரு எழுத்து தெரியாதவளுக்கு அங்கே யார் வேலை தருவார்கள்? அலையாய் அலைந்து வாங்கிய வேலை ஐயா அது!

"அங்க வெலவாசியும் டபுளாமே, ஊடுன்னா ஒரே ரூமாமே" என்றேன்.

"சம்பளமும் டபுள், செலவும் டபுள். இப்ப ஓடற மாதிரியே ஓடும். மேல புரமோஷன் வேற. இன்னாடி பேஜாரு பண்றே?"

"அப்போ ஒரு மாசம் இங்கயே பம்பாய் மாதிரி இருந்து பாக்கலாமா?"

அவருக்கு ஒரே குஷி. ஒரு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மிச்சமிருந்த ஒரே அறையில் சமையல், படிப்பு, படுக்கை எல்லாம். பிள்ளைகள் ரயிலில் போவதுபோல் கும்மாளம் போட்டார்கள். ராத்திரி பெரியவன் உதைத்த உதையில் இவர் எழுந்து உட்கார்ந்து, "பளகிடும், பளகிடும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

மாதம் பாதிகூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு மீன்கார அம்மா கூடையோடு வந்து, "டீச்சரம்மா, எறா கீது, துள்ளுது பாரு!" என்றாள். இவருக்கு நாக்கில் தண்ணீர்.

"வாங்குடி" என்றார்.

"டப்பு இல்ல. உங்க சம்பளம் தீந்து போச்சி."

"அதுக்குள்ளயா? உன் சம்பளம் இன்னா ஆச்சி?"

"பம்பாயில எனக்கு ஏதுங்க சம்பளம்? கவர் பிரிக்காம பொட்டியில கெடக்குது."

இவர் முழித்தார். "இத்தினி நாளும் பாதி மாசம் உன்னுதுலயா ஓடிச்சி?"

"பின்ன? உங்க சம்பளம் குட்டி போட்டுதா?"

மீன்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய்ப் பூட்டிய அறையைத் திறந்தார்.

"வரலன்னு எழுதிடறேன்" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "நம்ப சம்பளத்துக்கு அது கட்டாது."

கல்யாணமானதிலிருந்து 'என் சம்பளம்' என்றே பேசிய மனுஷன். கவரைப் பிரித்து, இறால் இரண்டு கூறு வாங்கினேன்.