பெரில் வீட்டு மெயின் வால்வு

கிரிம்ஸ்பி மீன்துறையில் தெல்மாவுக்குக் கோபம் வந்துவிட்டால், பக்கத்தில் மீன் அறுக்கிற ஆண்கள்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அது அவளுடைய அம்மா வழி. பெரியம்மா ஒருத்தி தன் கல்யாண விருந்திலேயே மாப்பிள்ளையின் மூக்கை உடைத்தவள். தாய்மாமன் ஒருவன் ஐஸ் வண்டிக் குதிரையைக் கன்னத்தில் குத்திக் கீழே சாய்த்தவன். அந்தக் குடும்பத்தில் எல்லாருக்குமே வாய்க்கு முன்னால் கை பேசும். தெல்மாவின் தங்கை பெரிலும் அதே ரத்தம்தான்.

அக்காவும் தங்கையும் ஒரே வரிசையில் ஒட்டின வீட்டுக்காரிகள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு குழாய்தான் வரும், மெயின் வால்வு ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். இவர்களுக்கு அது பெரிலின் அடுப்படியில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருந்தது. யாராவது குழாய் வேலை பார்ப்பதென்றால் கணப்புக் கம்பியால் சுவரில் தட்டுவார்கள். பக்கத்து வீட்டில் கெட்டிலையும் சட்டியையும் நிரப்பிவிட்டுப் பதிலுக்குத் தட்டுவார்கள். அப்புறம் அடைப்பார்கள். எவ்வளவு பகை இருந்தாலும் அந்தத் தட்டுக்குப் பதில் தட்டாத வீடு தெருவில் கிடையாது.

இவர்களுடைய பகை கடலில் தொடங்கியது. தெல்மாவின் புருஷன் சிரிலும் பெரிலின் புருஷன் நார்மனும் ஒரே கப்பலில் ஐஸ்லாந்துப் பக்கம் மீனுக்குப் போனார்கள். சிரில் மட்டும் திரும்பி வந்தான். வாசலில் நின்றவனிடம் பெரில் கேட்டாள், "அவரக் கட்டியிருந்த கயித்த விட்டது நீதானே?" சிரில் தலையைக் குனிந்துகொண்டான். பதிலே சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அக்காவும் தங்கையும் கொல்லையில் கட்டிப் புரண்டார்கள். பெரிலுக்கு முன்பல் போயிற்று, தெல்மாவின் ஒரு காது கிழிந்தது. அதற்கப்புறம் பேச்சு இல்லை.

வருஷங்கள் கழித்து சிரிலுக்குப் பக்கவாதம் வந்தது. நாக்கு போயிற்று. இடது பக்கமும் முதுகும் சூடு குளிர் தெரியாத கட்டை ஆகிவிட்டன. தெல்மா அவனை நாற்காலியோடு ஷவருக்குக் கீழே தள்ளி உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள். அந்த வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. ஒருத்தர் ஷவரில் நிற்கும்போது பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்தால் இங்கே பச்சைத் தண்ணீர் ஒடுங்கி, வெந்நீர்த் தொட்டியிலிருந்து வருவது மட்டும் கொதிக்கக் கொதிக்க இறங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக் காத்திருந்து குழாயைத் திறந்தாள் பெரில். தெல்மா துண்டெடுக்கப் போயிருந்த நேரம். திரும்பி வந்து முதுகைத் தொட்டவளின் கையோடு தோல் உரிந்து வந்தது.

நர்ஸ் வந்து பார்த்தாள். "வாளித் தண்ணியில தொடச்சா இந்தப் புண்ணு அழுகிடும், ஓடுற தண்ணியிலதான் கழுவணும். ஆனா இன்னொரு தடவ வெந்தா இவர முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோயிடுவோம். அப்புறம் என்னையக் கேக்காதீங்க" என்றாள்.

பச்சைத் தண்ணீர் ஒடுங்கினால் வெந்நீரையும் தானே நிறுத்துகிற ஷவர் வால்வு ஒன்று உண்டு என்று கடைக்காரன் சொன்னான். தெல்மா அதை வாங்கிக்கொண்டு வந்தாள். சிரில் குழாய் வேலை பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் பிடித்துக் கொடுத்துக் கற்ற வேலைதான். வெந்நீர்த் தொட்டியின் வால்வைத் தன் வீட்டிலேயே அடைத்தாள். பிறகு கம்பியை எடுத்துச் சுவரில் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். அந்தப் பக்கம் ரேடியோவின் சத்தம் கூடியது.

குழாய் திருகுகிற ரெஞ்சைக் கையில் பிடித்தபடி கொல்லை வழியாகப் போய்க் கதவை உதைத்தாள் தெல்மா.

"தட்டினது காதுல விழலையாடி?"

"விழுந்துச்சு. மொதல்ல செத்தவனுக்குப் பதில் சொல்லச் சொல்லு உன் புருஷன, அப்புறம் நான் சுவத்துக்குப் பதில் சொல்றேன்" என்றாள் பெரில். கையில் இருந்த வாணலியை வீசினாள். அது தெல்மாவின் தோளில் பட்டுச் சன்னலை உடைத்தது. தெல்மா பாய்ந்து தங்கையின் கழுத்தைப் பிடித்து மேசையில் சாய்த்தாள். பெரில் அவள் மணிக்கட்டைக் கடித்தாள், ரத்தம் வரும் வரைக்கும் விடவில்லை. தெல்மா ரெஞ்சின் கைப்பிடியால் வாயில் ஓங்கி ஒரு இடி இடித்த பிறகுதான் பல்லின் பிடி விட்டது. முழங்காலால் தங்கையைத் தரையில் அழுத்திக்கொண்டு, தொட்டிக்குக் கீழே கையை விட்டு மெயினைத் திருகி அடைத்தாள்.

அடைத்த பிறகுதான் உறைத்தது. இவளை இங்கே விட்டுவிட்டுப் போனால், அங்கே குழாயைக் கழற்றினவுடன் இவள் திறந்துவிடுவாள். வீடு மிதக்கும்.

"எந்திரி" என்று தங்கையின் முடியைக் கையில் சுற்றினாள்.

"எங்கடி இழுக்கிற, கெழட்டுப் பேயே!"

"என் வீட்டுக்கு. விருந்தாளியா வா."

முன்னறை வழியாகத்தான் இழுத்துக்கொண்டு போனாள். சிரில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். முதுகில் துணி இல்லை. மருந்துக்கு நடுவே சிவந்த சதை பளபளத்தது. பெரில் திமிறுவதை நிறுத்தினாள்.

குளியலறையில் அவளைக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்து, தன் முழங்காலால் அவள் தொடையை நசுக்கிக்கொண்டு பழைய வால்வைக் கழற்றினாள் தெல்மா. துருப்பிடித்த மரை விடவே இல்லை. ரெஞ்சால் அடித்தே நெகிழ்த்தினாள். ஓடு உடைந்து தெறித்தது. கடித்த மணிக்கட்டிலிருந்து ரத்தம் குழாய் வழியே வடிந்தது.

பெரில் உடைந்த வாயோடு சொன்னாள், "அவன் கத்துவான்னு காத்துக்கிட்டிருந்தேன். சத்தமே வரல. அன்னிக்கு வாசல்ல நின்ன மாதிரியே வாய மூடிக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். அதான் ரெண்டாவது குழாயையும் தெறந்தேன்."

தெல்மா திரும்பாமலே புறங்கையால் அறைந்தாள். பெரிலின் தலை சுவரில் மோதியது. அவள் அழவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை.

"அவனுக்கு முதுகுல சூடு ஒண்ணும் தெரியாதுடி. தோலு உரிஞ்சு தொங்குறப்போ என்னப் பாத்துச் சிரிச்சான்."

"எனக்கு அது தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"அப்பவும் தெறந்திருப்பேன். ஒண்ணு மட்டும்."

தெல்மா புது வால்வைப் பொருத்தி, மரையில் நாடா சுற்றி இறுக்கினாள். வெந்நீரைத் திறந்துவிட்டாள். பிறகு முழங்காலை எடுத்துத் தங்கையை விட்டாள்.

"போய் மெயினத் தெற. அப்புறம் உன் வீட்டுல இருக்கிற அத்தனை குழாயையும் தெற. முழுசா."

"எதுக்கு?"

"எப்படியும் ஒரு நாள் தெறக்கத்தான் போற. அது இப்பவே நடக்கட்டும். என் கை மேல."

பெரில் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போனாள். குழாய் உறுமியது, காற்றைக் கக்கியது, தண்ணீர் வந்தது. தெல்மா சட்டைக் கையை மடித்துவிட்டு, கடிபட்ட கையை ஷவருக்குக் கீழே நீட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் திறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு கொல்லைக் குழாயும். ஒன்றைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை. ஷவர் நூலாக இளைத்துச் சொட்டியது. ஆனால் கொதிக்கவில்லை.

தெல்மா கையை எடுக்காமல் நின்றாள். காயம் எரிந்தது, வெறும் பல் பட்ட எரிச்சல்தான். பக்கத்து வீட்டில் தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது. அவள் முன்னறைக்குப் போய், சிரிலின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் குளிக்கிற நாற்காலியில் உட்கார வைத்தாள்.