சட்டைப் பையைத் தாண்டிய பெயர்

அறுந்துபோன என் பையின் வாரைத் தைக்க, குவைத்தின் ஃபஹாஹீல் கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் நிற்கிறேன். தையல்காரர் பாலு சிவகங்கைக்காரர். பாலைவன முகாமில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களின் சட்டைகளுக்குப் பெயர்ப் பட்டை தைத்துக் கொடுக்கிறார். அயர்லாந்துப் பஞ்சத்தில் கப்பலேறியவர்களின் வழிவந்த மர்ஃபி, வியட்நாம் அகதிக் குடும்பத்து நுயென், முப்பாட்டனை அடிமையாக விலைக்கு வாங்கியவனின் பெயரையே சுமக்கும் ஜாக்சன் எல்லோரும் மேசைமேல் ஒரே அளவு எழுத்தில் கிடக்கிறார்கள். இந்தப் படை போகும் போரில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த மேசையோடு சண்டை போட முடியவில்லை.

நடுவில் ஒரு பட்டை: சிவசுப்பிரமணியம்.

“போன வாரம் எடம் பத்தலைன்னு ‘மணியம்’னு வெட்டிட்டேன் சார். இங்க நம்ம பேர எல்லாரும் வெட்டுறதுதானே? மொதலாளி குடுத்த அட்டையில நானே வெறும் பாலுதான். ஆனா அத திருப்பி அனுப்பிட்டாக.”

கூடவே வந்த சீட்டை நீட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டே வரி: ‘இது என் அப்பாவின் பெயர். ஓர் எழுத்துகூடக் குறையக் கூடாது.’

“இதப் போடுற சிப்பாய் பொம்பளப் புள்ள சார்!” அவர் முகமெல்லாம் சிரிப்பு.

என் வாரைத் தைத்து முடித்ததும் மிச்சத் துணியில் தன் பெயரைத் தைக்கத் தொடங்குகிறார். பாலதண்டாயுதபாணி. தன் சட்டைமேல் வைத்துப் பார்த்தால் மார்புப் பையின் அகலத்தைத் தாண்டி நீள்கிறது.

“தாண்டட்டும் சார்” என்கிறார்.